காதால் பார்க்கும் படம்: தொழிற்சாலை பஸ்ஸுக்கு ஒரு திரைப்பட நிகழ்ச்சி தயாரிப்பது எப்படி

காலை 6.05-க்கு சுங்கை சிப்புட் பெரிய சாலையில், ஒரு காப்பிக் கடைக்கு எதிரே, அம்மா ஏறும் தொழிற்சாலை பஸ் வந்து நிற்கும். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் அந்த நேரத்துக்கு இருட்டு விலகியிருக்காது. எல்லாரும் உட்கார்ந்ததும் ஓட்டுநர் அண்ணன் உள்விளக்குகளை அணைத்துவிடுவார். ஈப்போ பக்கம் உள்ள கையுறைத் தொழிற்சாலைக்கு நாற்பது பெண்கள் போகிறார்கள். பாதிப் பேர் கண்ணை மூடியிருப்பார்கள். வெள்ளிக்கிழமைகளில் அந்த இருட்டில் 22 நிமிடம் ஒரு படம் ஓடுகிறது. திரை கிடையாது. என் குரலும் சில ஓசைகளும்தான்.

இதை எப்படிச் செய்கிறாய் என்று தாப்பாவிலிருந்தும் கூலிமிலிருந்தும் தம்பி தங்கைகள் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் துண்டு துண்டாகச் சொல்லி வந்ததை இங்கே முழுதாக எழுதுகிறேன். செலவு அதிகம் இல்லை. 35 வெள்ளிக்கு (ரிங்கிட்) சட்டையில் மாட்டும் ஒரு சிறிய மைக், கையில் இருக்கும் கைப்பேசி, ஒரு பழைய மடிக்கணினி, விலையில்லாமல் கிடைக்கும் ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருள் ஆகியவை போதும். பொறுமைதான் நிறைய வேண்டும்.

இதன் வேர் கல்லூரியில் படித்த ஒரு வானொலி வகுப்பில் இருக்கிறது. படம் எடுக்கும் ஆசையில் ஊடகத் துறையில் சேர்ந்தவள் நான். இரண்டாம் ஆண்டில் வானொலி கட்டாயப் பாடம். மூன்றாவது வாரம் மேடம் எங்களைத் திரைக்கு முதுகு காட்டி உட்காரச் சொன்னார். ஆறு நிமிடக் காட்சி ஒன்றின் ஒலியை மட்டும் கேட்டோம். பிறகு ஒவ்வொருவரும் எழுந்து என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். அடுத்த வாரத்துக்கு ஒரு பயிற்சி கொடுத்தார். நமக்குப் பிடித்த படத்திலிருந்து ஒரு காட்சியை 90 நொடியில் சொல்ல வேண்டும். படத்தின் பெயர் கூடாது, நடிகர் பெயர் கூடாது. ‘அழகு’, ‘அருமை’, ‘உருக்கம்’ ஆகிய சொற்களுக்கும் தடை.

நான் பதினொரு முறை பார்த்திருந்த ஒரு படத்தை எடுத்துக்கொண்டேன். பஸ் நிறுத்தத்தில் ஒரு தாயும் மகளும் பிரியும் காட்சி. சொல்லி முடித்ததும் மேடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “அந்தப் பெண் எங்கே நிற்கிறாள்?” பஸ் நிறுத்தத்தில் என்றேன். “நிறுத்தத்தில் எங்கே? தாய்க்கு எந்தப் பக்கம்? முகம் யாரைப் பார்க்கிறது?” எனக்கு விடை தெரியவில்லை. பதினொரு முறையும் அழுதிருந்தேனே தவிர, பார்த்திருக்கவில்லை.

அன்று இரவே படத்தைப் போட்டுப் பார்த்து, திருத்தி எழுதி, மறுநாள் மாலை அம்மாவை அழைத்தேன். அந்த வாரம் அவருக்கு இரவு வேலை, பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார். எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை என்று ஒலிபெருக்கியில் போட்டுக்கொண்டார். 90 நொடி படித்தேன். முடித்தபின் சற்று நேரம் எஞ்சின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. பிறகு பின் இருக்கையிலிருந்து, எனக்குத் தெரியாத ஒரு குரல் கேட்டது: “அந்தப் பிள்ளை பஸ்ஸில் ஏறினாளா, இல்லையா?”

அந்தக் குரலுக்குப் பதில் சொல்லத்தான் இந்த நிகழ்ச்சியைத் தொடங்கினேன்.

நம்மவர்களுக்குப் படத்தைக் காதால் கேட்பது புதிய பழக்கம் இல்லை. அகில இந்திய வானொலி ‘ஒலிச்சித்திரம்’ என்ற பெயரில் ஒரு படத்தின் ஒலியைச் சுருக்கி ஒலிபரப்பியதை மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதற்குப் படத்தின் உரிமையாளர்களிடம் அனுமதி வேண்டும். நாம் செய்வது வேறு. படத்தை நம் சொற்களில் சொல்கிறோம். சொன்னபின் அதைப் பற்றிப் பேசுகிறோம்.

முதலில் பஸ்ஸில் ஏறுங்கள்

எழுதுவதற்கு முன், ஒலிப்பதிவுக்கு முன், உங்கள் நேயர் எங்கே உட்கார்ந்து கேட்கிறார் என்று போய்ப் பாருங்கள். நான் விடுமுறையில் வீட்டுக்கு வந்து மூன்று நாள் அந்த பஸ்ஸில் போனேன். மடியில் ஒரு நோட்டுப் புத்தகம், கையில் கடிகாரம். பஸ் நகரைச் சுற்றி எல்லாரையும் ஏற்றி முடிக்க 12 நிமிடம் ஆகிறது. அந்த நேரத்தில் யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். யார் வரவில்லை, யார் வீட்டில் காய்ச்சல் என்ற பேச்சு ஓடும். நெடுஞ்சாலைக்கு வந்தபின் ஓர் அமைதி. தொழிற்பேட்டை வாசலில் மறுபடியும் பரபரப்பு. நடுவில் கிடைப்பது ஏறக்குறைய 25 நிமிடம். வழியில் நெரிசல் குறைந்த நாளும் உண்டு என்று மூன்று நிமிடம் தள்ளினேன். 22 என்ற எண் அப்படி வந்தது. அரை மணி நேரம் என்று வானொலி நிலையங்கள் வைத்திருக்கும் அளவை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

உங்கள் ஊரில் கேட்பவர்கள் செம்பனைக் குலை ஏற்றும் லாரியில் இருக்கலாம், தையல் கடையில் இருக்கலாம், கோயில் சமையற்கட்டில் இருக்கலாம். அங்கே போய் உட்காருங்கள். என்ன சத்தம் கேட்கிறது, எப்போது பேச்சு நிற்கிறது, யாருக்கு இந்த மொழி புரியாது என்று குறியுங்கள். எங்கள் பஸ்ஸில் மூன்று மலாய் அக்காமார் இருக்கிறார்கள். அவர்களிடமும் ஓட்டுநர் அண்ணனிடமும் முதலில் அனுமதி கேட்டோம். அண்ணன் வழக்கமாக மின்னல் எஃப்எம் என்ற தமிழ் வானொலியை வைப்பவர். வாரத்தில் ஒரு நாள், 22 நிமிடம் எங்களுக்கு விட்டுக்கொடுத்தார்.

எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் ஒன்றை வாங்கி வீட்டிலிருந்தே ஒலிபரப்பலாமே என்று ஒரு தம்பி கேட்டார். வேண்டாம். அலைவரிசையில் ஒலிபரப்ப 1998-ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின்படி உரிமம் வேண்டும். கோப்பாக அனுப்புங்கள், போதும்.

பார்ப்பது

ஒரு படத்தை மூன்று முறை பார்க்கிறேன். முதல் முறை அம்மாவோடு, குறிப்பு எடுக்காமல். இரண்டாம் முறை கண்ணை மூடிக்கொண்டு. எந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று ஒலியிலிருந்து தெரியவில்லையோ, அங்கேதான் என் வேலை இருக்கிறது. மூன்றாம் முறை, தேர்ந்தெடுத்த மூன்று காட்சிகளை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பார்த்து, மேடம் கேட்ட கேள்விக்கு விடை எழுதுகிறேன். யார் எங்கே நிற்கிறார்? வெளிச்சம் எந்தப் பக்கம்? கையில் என்ன?

முழுக் கதையையும் சொல்ல முயலாதீர்கள். கதைச்சுருக்கத்தை யாரும் நினைவில் வைப்பதில்லை. முடிவையும் சொல்லாதீர்கள்; சனிக்கிழமை பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கப் போகிறவர்களுக்கு அது சொந்தம்.

எழுதுவது

இதில்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது, ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எந்தப் படத்திலும் இல்லாத ஒரு காட்சியை நானே உதாரணத்துக்குக் கட்டுகிறேன். லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. என் பழைய முறையில் எழுதியிருந்தால் இப்படி இருக்கும்:

“தோட்ட வேலையை இழந்து மனமுடைந்த நிலையில் தன் மகளுடன் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டுப் புறப்படும் தாயின் வேதனையை இயக்குநர் மிக உருக்கமாகக் காட்டியிருக்கிறார்.”

இப்போது எழுதினால்:

“லயத்து வீடு. கதவு திறந்திருக்கிறது. உள்ளே சாமான் ஒன்றும் இல்லை. வாசலில் லாரி நிற்கிறது. லாரியின் பின்னால் மெத்தை, மேசை, ஒரு தையல் இயந்திரம். மகள் ஏறிவிட்டாள். தையல் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தாய் இன்னும் வாசற்படியில் நிற்கிறாள். கையில் பூட்டு. பூட்டைப் பார்க்கிறாள். கதவைப் பார்க்கிறாள். பிறகு, பூட்டாமலே, பூட்டை மடியில் செருகிக்கொண்டு லாரியை நோக்கி நடக்கிறாள்.”

இதை அம்மாவிடம் படித்துக் காட்டியபோது, “பூட்டை எதற்கு எடுத்துக்கொண்டு போகிறாள், பாவம்” என்றார். அந்தப் ‘பாவம்’ அவருடையது. நான் ‘உருக்கமாக’ என்று சொல்லியிருந்தால் அதை அவரிடமிருந்து பிடுங்கியிருப்பேன்.

இரண்டு பத்திகளையும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். தமிழில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. எழுத்தில் அது நமக்கு வசதி. கண் பின்னால் போய்ப் பார்த்துக்கொள்ளும். காதுக்குப் பின்னால் போக வழியில்லை. முதல் வாக்கியத்தில் ‘காட்டியிருக்கிறார்’ என்ற சொல் வரும்வரை கேட்பவர் அத்தனையையும் தலையில் சுமக்க வேண்டும். அந்த நொடியில் பக்கத்து லாரி ஹாரன் அடித்தால் முழு வாக்கியமும் போய்விடும். ஆகவே ஒரு வாக்கியத்துக்கு ஒரு வினை, அதுவும் சீக்கிரம். ‘போன’, ‘வந்த’, ‘இழந்த’ என்று எச்சங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். மேலே கடைசி வாக்கியம் மட்டும் சற்று நீளம். அவள் நடக்கும் தூரத்துக்காக அப்படி விட்டேன்.

இன்னொன்று. ‘தாய்’, ‘மகள்’ என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன். தாளில் படிக்கும்போது அது கூறியது கூறலாகத் தோன்றும். ‘அவள்’ என்றால் அந்த பஸ்ஸில் எந்த அவள் என்று யாருக்குத் தெரியும்? இடத்தை முதலில் சொல்லுங்கள், பிறகு ஆளை, பிறகு கையை. நிகழ்காலத்தில் சொல்லுங்கள். படத்தில் எல்லாம் இப்போதுதானே நடக்கிறது.

என் வாசிப்பு வேகத்தை அளந்து வைத்திருக்கிறேன்: நிமிடத்துக்கு ஏறக்குறைய 95 சொல். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஆங்கிலச் செய்தி வாசிப்புக்குப் பாடநூல் சொல்லும் சொற்கணக்கு நமக்குப் பொருந்தாது. உங்கள் வேகத்தை நீங்களே அளந்துகொள்ளுங்கள். 22 நிமிடத்தில் தொடக்க இசை, முடிவு இசை, படத்தின் ஒலித்துண்டுகள், ஒரு பேட்டி, இரண்டு இடைவெளிகள் எல்லாம் போக எனக்கு வாசிக்கக் கிடைப்பது 15 நிமிடத்துக்குச் சற்று மேல். அதாவது 1,450 சொல். தாளில் ஒரு வட்டம் போட்டு, கடிகாரம்போல் பிரித்து, எந்த நிமிடத்தில் எது என்று எழுதி மேசைக்கு மேல் ஒட்டியிருக்கிறேன். வகுப்பில் அதைச் சலிப்போடு வரைந்தேன். இப்போது அது இல்லாமல் எழுத உட்காருவதில்லை.

ரீல் மாற்றும் நேரம்

இடைவெளிகள் என்றேன். என் நிகழ்ச்சியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி நான் பேசாத அந்த நேரம்தான். அது எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும்.

எங்கள் தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், 82 வயதுத் தாத்தா ஒருவர் இருக்கிறார். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். தோட்டங்களில் படம் காட்டிய காலத்தைப் பற்றிக் கேட்க அவரிடம் போனேன். எங்கள் ஊருக்கும் அந்தப் படக்காட்சிகளுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டு, 1960 வரை நீடித்தது. அந்த ஆண்டுகளில் அரசாங்கத்தின் தகவல் துறை வண்டிகள் தோட்டங்களுக்கும் புதுக் கிராமங்களுக்கும் போய்ப் படம் காட்டின. 1946-இல் தொடங்கிய மலாயா ஃபிலிம் யூனிட்டின் படங்கள் அவற்றில் வந்தன. அரசாங்கம் சொல்ல விரும்பியதைச் சொல்ல வந்த வண்டிதான். தாத்தாவுக்கு அதில் வந்த பிரச்சாரம் ஒன்றும் நினைவில் இல்லை. காலையில் தொழிலாளர்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் இரண்டு கம்பு நட்டு வெள்ளைத் துணி கட்டியது நினைவிருக்கிறது. பிற்காலத்தில் அதே இடத்தில் தமிழ்ப் படங்கள் ஓடியதும், கச்சாங் பூத்தே எனும் வறுத்த கடலை வகைகளை விற்றவரின் மண்ணெண்ணெய் விளக்கும் நினைவிருக்கின்றன.

அங்கே ஒரே ஒரு புரொஜெக்டர். 16 மில்லிமீட்டர் படத்தில் 1,600 அடிச் சுருள் ஏறக்குறைய 44 நிமிடம் ஓடும். நீளமான தமிழ்ப் படத்துக்கு நான்கு சுருள் வரை வேண்டும். ஒவ்வொன்றும் முடிந்ததும் படம் நிற்கும். விளக்கு எரியும். உடனே எல்லாரும் பேசத் தொடங்குவார்கள்: அவன் செய்தது சரியா, இவள் ஏன் கடிதத்தை மறைத்தாள், அடுத்த சுருளில் என்ன நடக்கும். “படத்தைப் பார்த்ததைவிட ரீல் மாற்றும்போது பேசியதுதான் எனக்கு நிற்கிறது” என்றார் தாத்தா.

அதைக் கேட்டதும் என் வட்டத்தை அழித்து மறுபடியும் வரைந்தேன். வகுப்பில் எங்களுக்குச் சொன்னது, ஒலியில்லாத நொடி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது; கேட்பவர் நிலையத்தை மாற்றிவிடுவார். என் பஸ்ஸில் மாற்ற வேறு நிலையம் இல்லை. பேச ஆள் இருக்கிறது. முதல் காட்சிக்குப் பின்னும் இரண்டாவது காட்சிக்குப் பின்னும் 40 நொடி விடுகிறேன். முழு மௌனமாக விட்டால் கோப்பு நின்றுவிட்டது என்று அண்ணன் கையை நீட்டுவார்; ஆகவே சுருள் சுற்றும் ஓசை ஒன்றை மெல்லியதாக ஓடவிடுகிறேன். அது தையல் இயந்திரத்தின் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பதிவு செய்தது. இடைவெளிக்கு முன் ஒரு கேள்வியையும் போடுகிறேன், கருத்துக் கேட்கும் கேள்வியாக இல்லாமல், “நீங்கள் அந்தத் தாயாக இருந்தால் பூட்டை எங்கே வைத்திருப்பீர்கள்?” என்பதுபோல் கையில் பிடிக்கக் கூடியதாக. அந்த 40 நொடியில் அம்மா பக்கத்து இருக்கை மலாய் அக்காவுக்குக் காட்சியை மலாயில் சொல்லிவிடுகிறார். நான் எண்ணிப் பார்க்காத பயன் அது.

தாத்தாவிடம் இரண்டு மணி நேரம் பேசி, நான்கு நிமிடம் பயன்படுத்தினேன். பேட்டி எடுக்கப் போகிறவர்களுக்கு நான் கற்ற சிலவற்றைச் சொல்கிறேன். “அந்தக் காலம் எப்படி இருந்தது?” என்று தொடங்காதீர்கள், “நன்றாக இருந்தது” என்று பதில் வரும். நான் “துணியை எதில் கட்டுவார்கள்?” என்று கேட்டேன். கம்பு, கயிறு, கட்டியவர் பெயர், அவர் வீடு, அவர் மகள் கல்யாணம் என்று அது போய்க்கொண்டே இருந்தது. அவர் பேசும்போது “ம்”, “அப்படியா” என்று குரல் கொடுக்காதீர்கள். தலையை மட்டும் அசையுங்கள். அவர் முடித்தபின் மனத்துக்குள் நான்கு வரை எண்ணுங்கள். அப்படி நான் எண்ணிக்கொண்டிருந்தபோதுதான் தாத்தா, யாரும் கேட்காமல், முன்னால் இடம் இல்லாததால் துணியின் பின்பக்கம் உட்கார்ந்து பார்த்ததைச் சொன்னார். எழுத்தெல்லாம் திரும்பித் தெரியுமாம். கதாநாயகன் இடது கையால் சோறு சாப்பிடுவானாம். வெட்டி முடித்ததும் அவரிடம் போட்டுக் காட்டி, சம்மதம் வாங்கிக்கொண்டேன்.

பதிவு செய்வது

எங்கள் வீடு நாகத் தகடு போட்ட கூரை. பிற்பகலில் மழை பிடித்தால் பதிவு முடிந்தது. விடியலில் பள்ளிவாசல் பாங்கு, பிறகு சேவல், பிறகு மோட்டார் சைக்கிள்கள். இரவு 11 மணிக்கு மேல் எனக்குக் கிடைக்கிறது. அலமாரிக் கதவைத் திறந்து, அம்மாவின் சேலைகளுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு பேசுகிறேன். துணி எதிரொலியைக் குடித்துவிடும். மின்விசிறியை நிறுத்துங்கள். வியர்க்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல், ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். சொல்லின் முதலில் வரும் ‘ப’ மைக்கில் வெடிக்கும். படம், பஸ், பால்மரம், பெரட்டு, பாட்டி என்று நம் விஷயமே ‘ப’-வில்தான் இருக்கிறது. பேசத் தொடங்கும் முன் 30 நொடி வெறும் அறையின் ஒலியைப் பதிவு செய்துகொள்ளுங்கள். வெட்டி ஒட்டும் இடங்களில் பூச அது உதவும். ஒலியைச் சுருக்காத டபிள்யூஏவி (WAV) கோப்பாகப் பதிவு செய்யுங்கள், கடைசியில் மட்டும் எம்பி3 ஆக்குங்கள்.

என் முதல் பகுதி பஸ்ஸில் தோற்றது. சோகமான இடத்தில் குரலைத் தாழ்த்திக் கிட்டத்தட்ட முணுமுணுத்திருந்தேன். அலமாரிக்குள் அது நன்றாக இருந்தது. பஸ்ஸில் எஞ்சின் அதை விழுங்கிவிட்டது. அம்மா வந்து, “கடைசியில் என்னமோ சொன்னாய், யாருக்கும் கேட்கவில்லை” என்றார். அதன்பின் மெல்லச் சொல்ல வேண்டிய இடத்தில் குரலைக் குறைப்பதில்லை, வேகத்தைக் குறைக்கிறேன். எஞ்சினின் உறுமல் தாழ்ந்த அதிர்வுகளில் இருப்பதால், குரலில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ளதை வெட்டிவிட்டு, 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் ஏற்றுகிறேன். மெய்யெழுத்துகள் அங்கேதான் துலங்குகின்றன. சத்தமான இடமும் மெல்லிய இடமும் நெருங்கி வரும்படி கம்ப்ரெஸர் போட்டு, மொத்த ஒலி அளவை மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ்-இல் (LUFS, காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) வைக்கிறேன். ஆடாசிட்டியில் இவை எல்லாம் இருக்கின்றன.

தொடக்க இசைக்கு எங்கள் ஊர் உறுமி மேளக் குழுப் பையன்களிடம் கேட்டேன். உறுமி எனக்கு உயிர். பஸ்ஸில் அதன் அடித்தொண்டை எஞ்சினோடு கலந்துபோனது. ஆகவே ஒன்பது நொடி இசையில் ஜால்ராவை முன்னால் கொண்டுவந்து, உறுமியைப் பின்னால் வைத்தார்கள். இருட்டில் அந்த ஜால்ரா கேட்டதும் பேச்சு அடங்குகிறது என்று அம்மா சொல்கிறார்.

படப்பாடலைப் பின்னணியில் ஓடவிடாதீர்கள். 1987-ஆம் ஆண்டின் மலேசியப் பதிப்புரிமைச் சட்டம் விமர்சனத்துக்காக ஒரு படைப்பிலிருந்து நியாயமான அளவில் எடுத்தாள இடம் தருகிறது. படைப்பின் பெயரையும் படைத்தவரையும் சொல்ல வேண்டும். அலங்காரத்துக்காகப் பாட்டுப் போடுவது விமர்சனம் ஆகாது. சட்டம் இத்தனை நொடி என்று கணக்குத் தரவில்லை. நான் எனக்கே 20 நொடி என்று வரம்பு வைத்திருக்கிறேன், அதுவும் நான் பேசும் காட்சியிலிருந்து மட்டும்.

தவறு செய்தால்

ஒரு பகுதியில், மலாய்த் திரையுலகின் புகழ்பெற்ற நடிகரும் இயக்குநருமான பி. ரம்லீ முதன்முதலில் கதாநாயகனாக நடித்த படத்தை அவரே இயக்கினார் என்று சொல்லிவிட்டேன். நினைவிலிருந்து சொன்னது, சரிபார்க்கவில்லை. நேயர் ஒருவரின் கணவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், குரல் செய்தி அனுப்பினார். 1950-இல் வந்த அந்த ‘பக்தி’ படத்தை இயக்கியவர் எல். கிருஷ்ணன், சென்னையில் பிறந்த நம்மவர். ரம்லீ இயக்குநரானது 1955-இல். அடுத்த வெள்ளிக்கிழமை, ஜால்ராவுக்குப் பிறகு முதல் வேலையாக, தவறைத் தவறு என்று சொல்லித் திருத்தினேன். அதே குரலில், அதே வேகத்தில். நிகழ்ச்சியின் கடைசியில் ஓரமாகச் சொல்லி முடித்துக்கொள்ளாதீர்கள். தவறைக் கேட்டவர்கள் அத்தனை பேரும் திருத்தத்தையும் கேட்க வேண்டும். மலாய்ப் படங்களில் தமிழர்களின் உழைப்பைப் பற்றி இரண்டு பகுதி செய்ய எனக்கு விதை போட்டவர் அந்த ஆசிரியர்தான்.

கொண்டு சேர்ப்பது

64 கேபிபிஎஸ், மோனோ எம்பி3 ஆக்கினால் 22 நிமிடம் 10 எம்பி-க்குச் சற்று மேல் வரும். பேச்சுக்கு அந்தத் தரம் போதும். வியாழன் இரவு புலனத்தில், அதாவது வாட்ஸ்அப்பில், அம்மாவின் குழுவுக்கு அனுப்புகிறேன். அண்ணனுக்குத் தனியாக ஒரு பென் டிரைவ். பஸ் ஸ்டீரியோ எம்பி3 மட்டும் படித்தது; கைப்பேசி தானாகச் சேமிக்கும் வேறு வகைக் கோப்புகளைத் தொடவில்லை. கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்தபோது திரையில் வெறும் கட்டங்கள் தெரிந்தன. 01, 02 என்று எண் மட்டும் வைத்தோம். பழைய பகுதிகளை அழித்துவிடாதீர்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் முதலிலிருந்து கேட்கிறார்கள்.

கேட்டவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை. வெள்ளிக்கிழமை இரவு அம்மா வேலை முடிந்து வந்து குளித்துச் சாப்பிட்டபின், யார் என்ன சொன்னார் என்று ஒவ்வோர் இருக்கையாகச் சொல்வார். நான் எழுதிக்கொள்வேன். பின் இருக்கை அக்கா, பஸ் நிறுத்தக் காட்சியின் முடிவைக் கேட்டவர், இப்போது இடைவெளிகளில் தோட்டத்தில் பார்த்த படங்களைத் தானே சொல்கிறாராம். 40 நொடி அவருக்குப் போதவில்லை. பாதியில் என் குரல் வந்து மறித்துவிடுகிறது என்று வருத்தப்பட்டிருக்கிறார். இந்த வாரப் பகுதியில் முதல் இடைவெளியை 70 நொடி ஆக்கியிருக்கிறேன். அதற்காக மூன்றாம் காட்சியிலிருந்து நாற்பத்தெட்டுச் சொற்களை எடுத்தேன்.